ஒரு ஸ்பூன் சாலட் டிரெஸ்ஸிங்

ஜெய்தூன்,

பிரஷருக்கு நல்லதென்று நீ வாங்கிய சாலட் டிரெஸ்ஸிங் பாட்டிலில் 'கொழுப்பு இல்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிறது. சந்தோஷம். பின்பக்கத்தையும் படித்துப் பார் என்று நான் சொன்னதற்கு, "நேத்து எழுத்துப் படிச்ச ஆளு, பத்தாவது பாஸான எனக்குச் சொல்றீகளாக்கும்" என்றாய். அதுவும் சரிதான். அதனால் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டினேன். சோடியம் என்றால் உப்பாம். அதில் போட்டிருக்கிற உப்புக் கணக்கு ஒரே ஒரு ஸ்பூனுக்குத்தான். நீ கால் பாட்டிலைக் கவிழ்க்கிறாய். எங்கள் தோல் ஷாப்பில் பதப்படுத்துகிற ஆட்டுத்தோலுக்குக்கூட நாங்கள் இம்புட்டுத் தாராளமாக உப்புப் போடுவதில்லை.

வெள்ளரிக்காய் நறுக்கி எலுமிச்சை பிழிந்து மூடி வைத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: பிரஷர் மாத்திரை தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னோடு பேசாவிட்டாலும் அதைப் போட்டுக்கொள். சாயங்காலம் நான் வந்தால் திட்டுவதற்கு வீட்டில் ஆள் வேண்டாமா?