உன் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்

அன்புத் தங்கை சில்வண்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க முடியவில்லை. மற்றவர்கள் நலம்தான். நான் ஒருத்திதான் ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நெஞ்சின்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். உன் காது இருக்கிற லட்சணத்தில் பாதி உனக்குக் கேட்காது, கேட்ட பாதிக்கு நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

போன வாரம் குளியலறையில் விழுந்து இடது இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. தரையில் கிடந்தபடியே காலைப் பார்த்தேன். பாதம் வெளிப்பக்கம் திரும்பி, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. வேலைக்காலத்தில் பாதியை எலும்பு வார்டில் கழித்த நர்ஸுக்கு எக்ஸ்ரே எதற்கு? இப்படி வந்த எத்தனை பேரை, "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்" என்று தேற்றியிருப்பேன்! எனக்கு அப்படிச் சொல்ல அங்கே ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எப்படி விழுந்தாய் என்றுதானே கேட்கப்போகிறாய்? வெட்கக்கேடு, கேள். போன வருஷம் என் மகன் குளியலறைச் சுவரில் எவர்சில்வர் கம்பி ஒன்று பொருத்தினான். "பிடிச்சிக்கிட்டு எழுந்திரும்மா" என்றான். எனக்கு வந்ததே கோபம்! வார்டை விட்டு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், கம்பி வையுங்கள், பிடித்து நடங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னவள் நான். எனக்கே கம்பியா? பிள்ளை மனம் நோகக் கூடாது என்று கழற்றச் சொல்லவில்லை, துண்டு போட வைத்துக்கொண்டேன். அன்று சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியதும் கை சரியாகக் கம்பிக்குத்தான் போனது. அகப்பட்டது ஈரத் துண்டு. அதுவும் நானும் சேர்ந்தே தரைக்கு வந்தோம். ஊருக்குத்தான் உபதேசம் என்று நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

அதோடு விட்டதா? உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். போடாதீர்கள் என்று மருமகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லாதபோதுகூடப் போடுகிற பழக்கம் எனக்கு. காலையில் விழுந்தவள், அவள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்தேன். கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது, என் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் தச்சரைக் கூட்டிவந்து கதவை உடைத்தார்கள். கதவு ஆட ஆட, எனக்கு எலும்பைப் பற்றிய கவலையே போய்விட்டது. உடம்பில் துணியில்லாமல் ஒரு ஆண்பிள்ளை முன்னால் கிடக்கப்போகிறோமே என்று உயிரே போனது. என்னைத் தள்ளிவிட்ட துண்டைத்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பாவம் அந்த மனிதர், தலையைத் திருப்பிக்கொண்டே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி உன் விஷயம். கிடந்த நேரம் முழுக்க எனக்கு உன் நினைப்புதான். நீ இரண்டு தரம் விழுந்திருக்கிறாய். முதல் தரம் தையல் மிஷின் ஒயர் தடுக்கி. இரண்டாம் தரம் காலையில் படுக்கையை விட்டு விருட்டென்று எழுந்து, தலை சுற்றி, அலமாரி முனையில் கன்னத்தை இடித்துக்கொண்டாய். வீக்கத்தைப் பார்த்துக் கேட்ட உன் பெண்ணிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாய். "அக்கா, என் மேல சத்தியம், அவகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு என்னை அவ வீட்டு சோபால பொம்மை மாதிரி உக்கார வச்சிடுவா" என்றாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இந்த வயதிலும் உன் கைத் தையலுக்கு ஆட்கள் படியேறி வருகிறார்கள், அதைப் பிடுங்கினால் நீ என்ன ஆவாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் எனக்காவது சாயங்காலம் ஒருத்தி வந்தாள். தனியாக இருக்கிற உனக்கு யார் வருவார்கள், சொல். தைத்த துணியை வாங்க வருகிறவள் மணியை அடிப்பாள். நீ எங்கேயோ போயிருக்கிறாய் என்று நினைத்துத் திரும்பிவிடுவாள். அடுத்த நாளும் அப்படியே. அவள் வந்துபோனதுகூடக் காதில் விழாமல் நீ உள்ளே தரையில் கிடப்பாய்.

அதனால் நேற்று மகனின் போனை வாங்கி உன் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயர், தலைசுற்றல், பல்வலிக் கதை, எதையும் மறைக்கவில்லை. "இத்தனை நாளா உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?" என்றாள். தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறாள். உன்னைக் கையோடு அழைத்துப் போவதாகத்தான் இருக்கிறாள். "மிஷினும் கூட வரணும், உங்கம்மா தைக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "பார்க்கலாம் பெரியம்மா" என்றாள். அந்தப் பார்க்கலாம் எனக்கும் பிடிக்கவில்லை. பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன், அதற்காக நீ அவளிடம் சண்டைதான் போட வேண்டியிருக்கும். போடு. சண்டை போட நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் வரும்வரை அக்கா சொல்வதைக் கேள். அந்த ஒயரைச் சுவரோரமாக நகர்த்து, முடியாவிட்டால் மிஷினைத் தொடாதே. தரையில் கிடக்கிற வெட்டுத்துணிகளை ஒதுக்கு. காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை நிலைக்கு வந்தபிறகு காலை ஊன்று. இரத்த அழுத்த மாத்திரைதான் அந்தச் சுற்றலுக்குக் காரணமோ என்னவோ, டாக்டரிடம் கேட்கச் சொல்லி உன் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், நீயாக நிறுத்திவிடாதே. ஊசி கோக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்காதே. அடி தேய்ந்துபோன அந்தச் செருப்பைத் தூக்கி எறி. தாழ்ப்பாள் வேண்டாம்.

எனக்கு ஆபரேஷன் எப்போது என்று கேட்பாய். இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். டாக்டர் என் மகனை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் தலையணையைச் சரிசெய்தான். வேலை பார்த்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் வராந்தாவிலிருந்து அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நேற்று முதல் கொஞ்சம் இருமல் வேறு. நர்ஸ் பெண் நல்லவள், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்கிறாள். இழுக்கிறேன். பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரிகிறது.

நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று உனக்கு ஆத்திரம் பொங்கும். பொங்கட்டும். இதை மகன் கூரியரில் அனுப்புகிறான், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். பதில் கடிதம் மட்டும் எழுதாதே, தபாலில் அது வந்து சேர நாளாகும். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறியதும் நேராக இங்கே வரச் சொல், என் முகத்துக்கு நேராகத் திட்டு. இரண்டு காதும் எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் படிகள் இருக்கின்றன, உன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறு. நீ விழாமல் நெடுநாள் இருக்க வேண்டும். வழியில் எங்கும் தங்காதே, நான் உன்னை அடையாளம் தெரிந்துகொள்ளும்போதே வந்துவிடு.

இப்படிக்கு,
வாக்குத் தவறிய உன் அக்கா