யாஷினியின் நாற்பத்தொரு விநாடி

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். தொழிற்சாலைப் பக்கமிருந்து கருகல் வாடை. மாசாய் ஊர் முழுக்க மேகம், ஒரு சொட்டு மழை இல்லை.

இந்த நோட்டு, பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெழுதப் பள்ளியில் கொடுத்தது. பின்பக்கத்திலிருந்து என் சொந்தக் கதையை எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல வராதவளுக்கு வேறு இடம் இல்லை.

வாங்க வேண்டியவை: வெண்பலகை மை, நட்சத்திர ஸ்டிக்கர், தலைவலி மாத்திரை.

என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் யாஷினி இன்றும் பேசவில்லை. முதலாம் ஆண்டில் சேர்ந்த நாளிலிருந்து பள்ளியில் ஒரு வார்த்தை கிடையாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேசை ஓரத்தை இரண்டு முறை தொடுவாள். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

தலைமையாசிரியை கூப்பிட்டார். அவளைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு அனுப்பும் விண்ணப்பப் பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பச் சொன்னார். "பேச்சே வரலன்னா நம்ம வகுப்புல வச்சு என்னா பண்றது?"

கணக்கு எல்லாம் சரியாகப் போடுகிறாள், கதை படித்தால் படம் வரைந்து பதில் காட்டுகிறாள், இது மந்தம் இல்லை, பயம். இவ்வளவும் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது, "சரிங்க டீச்சர்."

ஜூலை 7, செவ்வாய்

வெயில். மதியம் யாஷினியின் அம்மா கோமதி அக்காவுக்குப் போன். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் பஸ் ஏறி எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அப்பா இல்லை. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு சாந்தி அக்காதான் பார்த்துக்கொள்கிறார்.

பேசமாட்டாள் என்று சொன்னதும் சிரித்தார். "வாய் ஓயாது டீச்சர் அவளுக்கு. தினமும் சாந்தி அக்கா போன்ல எனக்குப் பேசி அனுப்புவா. அதக் கேட்டுகிட்டேதான் நான் பாலம் தாண்டி வருவேன்."

அப்படி ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு வேண்டுகோள்: "உங்களுக்கு மட்டும் டீச்சர். உங்ககிட்ட இருக்குன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

நாற்பத்தொரு விநாடி. மாடிப்படியில் பூனை மூன்று குட்டி போட்டது. சாந்தி ஆண்ட்டியின் மீன் குழம்பில் முள். ஒரு பல் ஆடுகிறது, அம்மா வந்துதான் பிடுங்க வேண்டும். கடைசியில், "பஸ்ல தூங்கிடாத மா, எறங்கற இடம் போயிடும்."

சற்றுக் கரகரத்த குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நான்கு முறை கேட்டேன்.

ஜூலை 8, புதன்

ஓய்வு நேரத்தில் பெருமழை. ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தோம். நான்காம் ஆண்டு ஆசிரியை என் மேசையில் பாரத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது, பாவம், வீட்டில் பார்க்க ஆளில்லை என்றார். தலைமையாசிரியை தலையாட்டினார்.

மறுத்துப் பேசியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஒலியை முழுக்க வைத்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "அலாமாக், இவ்ளோ பேசுமா இது?" என்று ஒருவர் வியந்தார். எனக்கும் பெருமை. நானே பேசி ஜெயித்தது போல.

திரும்பினால் வாசலில் யாஷினி. கையில் வகுப்பு நோட்டுகள். அவளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் தைரியம் வரும் என்று இந்த வாரம் நான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

நோட்டுகளை மேசையில் வைத்தாள். ஓரம் சரியாக இருக்கிறதா என்று தட்டி நேராக்கினாள். போனாள். பஸ்ஸில் தூங்கிடாதே என்று போன் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, வியாழன்

மழை விட்டுவிட்டது. ஸ்டிக்கர் வாங்கினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மேசை ஓரத்தை ஒருமுறையும் தொடவில்லை. கடைசிப் பாடத்தில் பாவாடை நனைந்திருந்தது. பின்வரிசையில் யாரோ "ஏய், தண்ணி" என்றான். என் குளிர்சட்டையை அவள் இடுப்பில் கட்டினேன். கட்டிவிட்ட என் கையை அவள் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் கோமதி அக்காவின் செய்தி: "நேத்தும் இன்னிக்கும் ஒண்ணும் அனுப்பல டீச்சர். போன நீட்டுனா கைய பின்னால கட்டிக்கிறாளாம். நான் பழசையே கேட்டுகிட்டு வரேன். ஸ்கூல்ல ஏதாச்சும் நடந்துச்சா?"

எழுதினேன். அழித்தேன். மறுபடி. அனுப்பியது: "விசாரிக்கிறேன் அக்கா."

சொந்த ஊர் பாலோவிலிருந்து அப்பா போனில் கூப்பிட்டார். நான் வளர்ந்த தோட்டக் குடியிருப்பில் என்னை ஊமைச்சி என்றவர்களிடமெல்லாம் என் பட்டத்தைப் பற்றிச் சொல்லி முடித்தாயிற்று போல. "பிள்ளைங்கலாம் உன் பேச்ச கேக்குதா?" கேட்கிறார்கள் அப்பா, என்றேன்.

பல்கலைக்கழகத்தில், குழந்தையின் நம்பிக்கையைப் பெறுவது பற்றிக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண்.

ஜூலை 10, வெள்ளி

பாரம் தேவையில்லையாம். "பேச வருது, பேசமாட்டேங்குது. அது திமிரு. அதுக்கு எதுக்கு பாரம்?" என்றார் தலைமையாசிரியை. என் சாட்சி அவளுக்கே எதிராகப் போய்விட்டது.

"திமிரு இல்லீங்க டீச்சர். பயம்." சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இரண்டு நாள் முன்னால் இதே வாய் எங்கே போனது?

மதியம் கோமதி அக்காவுக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்:

"திட்ட வாய் வரல டீச்சர். வாரத்துல அஞ்சு நாளு எம்பிள்ள எனக்கு அந்த போன்லதான் இருந்துச்சு."

ஜூலை 13, திங்கள்

மறுபடி புழுக்கம்.

கோமதி அக்காவிடமிருந்து ஒரு வரி: சனி, ஞாயிறு நேரில் கொஞ்சம் பேசினாளாம், பல்லையும் பிடுங்கியாயிற்று. போனைப் பார்த்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறாளாம்.

ஓய்வு நேரத்தில் வகுப்பில் நாங்கள் இருவர். அவள் பக்கத்துச் சிறு நாற்காலியில் உட்கார்ந்தேன். போனைக் காட்டி, அந்தப் பதிவை அவள் கண் முன்னால் அழித்தேன். "அம்மா மேல தப்பு இல்ல யாஷினி. டீச்சர்தான் எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். தப்பு." திரையையே பார்த்தாள். பல் போன இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் கேட்க இருந்தேன். மணி அடித்துவிட்டது. கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது.

பள்ளி விட்டது. வாசலில் மோட்டார் சைக்கிள் கூட்டம். சாந்தி அக்கா அவளுக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார். ஓடினேன். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"என்கிட்ட நீ பேசவே வேணாம்மா. எப்பவுமே வேணாம். இன்னிக்கு அம்மா பஸ் ஏறுறப்ப, அம்மாவுக்கு மட்டும் ஒண்ணு அனுப்பு."