பேட்டரியைக் கழற்றிவிட்டேன், அண்ணா

என் ஆசை அண்ணனுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க நீ இதற்காகவே காத்திருப்பாய். நம் ரிமோட் படகில் பெட்ரோல் எஞ்சினே வைத்தாயிற்று. பேட்டரி, மோட்டார், வயர் எல்லாவற்றையும் என் கையாலேயே கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணங்கள் எதையும் நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை, அண்ணா.

நீ போன மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வரப்போகிறது. முகத்துவாரத்தில் மறுபடியும் மணல் ஏறிக் கிடக்கிறது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற படகெல்லாம் அந்த ஒடுக்கத்தில் நின்று, அலை அடங்குகிறதா என்று பார்த்து, சாமியை நினைத்துக்கொண்டுதான் தாண்டுகிறது. வலை இறக்க வீட்டுக்கு வீடு மாறி வருகிற பாடு முறையில் உன் வீட்டுக்கு நாள் வந்தபோது ஏரியில் தேவன்தான் வலையோடு இறங்கினான். அண்ணி அவனைத் தன் தம்பி என்று அனுப்பினாரா, உன்னோடு கடைசிவரை மிதந்தவன் என்று அனுப்பினாரா, எனக்குத் தெரியவில்லை. இறால் பெரிதாக ஒன்றும் படவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நீ அந்த வீடியோவைக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? எந்த ஊரோ, கரையில் நிற்கிற ஒருவன் ரிமோட்டைத் திருகுகிறான், ஆள் நீளத்துக்கு ஒரு பொம்மைப் படகு அலை மேல் ஏறி இறங்கிப் போகிறது. வேலையில்லாதவன் விளையாட்டு என்றேன். நீ சிரிக்கவில்லை.

"தா பாப்பா, மொகத்துவாரத்துல படகு கவுந்தா நம்ம ஆளுங்க இன்னா பண்றாங்க? இன்னொரு படகு எடுத்துக்கினு போறாங்க. அதுவும் கவுந்துடுது. ஆளில்லாத படகு ஒண்ணு கயிறும் டியூபும் எடுத்துக்கினு போனா யாருக்கு இன்னா நஷ்டம்?"

அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை. பைபர் படகு ஒட்டுகிறவர்களிடம் மிச்சமான பைபர் துணியும் ரெசின் பசையும் கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் நீயே படகை ஒட்டினாய். பொன்னேரியில் பேட்டரி ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள் நான் என்பதால் ரிமோட்டும் வயரிங்கும் என் பொறுப்பு. சண்டை வந்தது எஞ்சினில்தான்.

புல் வெட்டுகிற மெஷினிலிருந்து கழற்றிய சின்ன பெட்ரோல் எஞ்சினை எங்கிருந்தோ கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து ஓடவிட்டாய். அண்ணி அன்றைக்கு உனக்குச் சோறு போடவில்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எஞ்சின் அலை நடுவில் அணைந்துபோனால் யார் நீந்திப்போய் இழுப்பது என்று கேட்டேன். உப்புத்தண்ணீர் கார்புரேட்டருக்குள் போனால் கதை முடிந்தது. பேட்டரி என்றால் பெட்டிக்குள் வைத்துத் தண்ணீர் புகாமல் அடைத்துவிடலாம், பொத்தானை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். நீ விட்டாயா?

"மழ புடிச்சா நாள் கணக்கா கரண்டு இருக்காது. உன் பேட்டரிக்கு யாரு சார்ஜ் ஏத்துவா, உன் மாமியாரா? பெட்ரோல்னா எந்த ஊட்லயும் ஒரு கேன் இருக்கும். ஊத்துனா ஓடும். அது சரி, சத்தமே போடாத எஞ்சின் இன்னா எஞ்சினு?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மாமியாரை எங்கே தேடுவேன்? இப்படியே பேசிப் பேசி, படகு எஞ்சின் இல்லாமலே கிடந்தது. நீயும் தேவனும் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்த அன்றைக்கும் அது தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது.

தண்ணீரில் ஆள் போய்விட்டால் நம் ஊர் வழக்கம் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நீயே எத்தனை பேரைத் தேடப் போயிருக்கிறாய். தேடுகிற படகெல்லாம் கொஞ்ச தூரம் போனதும் ஒன்றாக எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். அந்த நேரம் கரையிலும் சத்தம் கூடாது. அழுகிறவளும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அண்ணியால் அடக்க முடியவில்லை, அவர் வாயை நான் பொத்தினேன். என் உள்ளங்கையில் அவர் பல் பதிந்தது.

காற்று கரையிலிருந்து கடல் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. படகுகள் போவதும் நிற்பதுமாக இருந்தன. கடைசியாக நிறுத்தியபோது முன்படகில் இருந்த பெரியவருக்கு ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்ததாம். இன்னொரு தடவை கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் என்று கையைத் தூக்கியபடியே நின்றாராம். வெகுநேரம் யாரும் எஞ்சினைத் தொடவில்லை. கரையில் நாங்களும் மூச்சு விடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது தேவன் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தபடி கிடைத்தான். நீ மறுநாள்தான் கரைக்கு வந்தாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தார்ப்பாயை விலக்கினேன். எதிர்த்துப் பேச நீ இல்லை. பேட்டரியே வைத்தேன். சத்தமில்லாத படகு என்றால், மற்றவர்கள் காது கொடுக்கிற நேரத்திலும் இது நிற்காமல் தேடலாம் அல்லவா? இந்தப் படகு அன்றைக்கு இருந்திருந்தால் உன் குரலும் கேட்டிருக்கும், கயிறும் வந்திருக்கும் என்று ராவும் பகலும் அதே நினைப்பாக இருந்தேன். சோறு தண்ணி இல்லாமல் வேலை செய்கிறேன் என்று அண்ணி திட்டுவார்.

ஒரு காலை ஏரியில் விட்டுப் பார்த்தோம். பாதி ஊர் வந்து நின்றது. பொத்தானை அழுத்தினேன், படகு ஒரு முனகல்கூட இல்லாமல் போய் வளைந்து திரும்பி வந்தது. "ஷோக்கா போவுது, ஓட்றதே தெரியல" என்று எல்லோரும் சொன்னார்கள். தேவன் மட்டும் ஓரமாக நின்றிருந்தான். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தான்.

"அக்கா, இத்த கழட்டிடு."

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டை மணலில் எறிந்தேன். "உனக்கு இன்னாடா தெரியும்? உங்க மாமாவுக்காகத்தான் செஞ்சேன்" என்று கத்தினேன். பக்கத்தில் அண்ணியும் நின்றிருந்தார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவன் அப்போது பேசினான்.

"மோட்டார் சத்தம் எங்களுக்கு நல்லா கேட்டுச்சுக்கா. காத்து எங்க பக்கம்தான வந்துச்சு. சத்தம் கேக்குற வரைக்கும் மாமா சும்மா இருப்பாரு. 'வராங்கடா, பேசாத, மூச்ச வச்சுக்க'ன்னுவாரு. மோட்டார் நின்னா போதும், கத்த ஆரம்பிச்சுடுவாரு. 'இப்பதான்டா காது குடுப்பாங்க, கத்து'ன்னு என்னையும் கத்த சொல்லுவாரு. எனக்கு முடியல. அவரு வுடல. கடைசியா நின்னுச்சே, அது ரொம்ப நேரம் நின்னுச்சுக்கா. அவ்ளோ நேரமும் கத்தினாரு. வாயில தண்ணி பூந்துச்சு, அப்பவும் கத்தினாரு. திரும்பி மோட்டார் போட்டப்ப அவரு கை கேன்ல இல்ல."

பேட்டரிப் படகிலேயே ஒரு ஹாரன் வைத்துவிடலாமே என்று கேட்டேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன்.

"காது பாதி நேரம் தண்ணிக்குள்ளதான் இருக்கும். ஹாரன் கேக்காது. மோட்டார் தண்ணிக்குள்ளயும் கேக்கும்" என்றான்.

அண்ணி தன் பல் பதிந்த என் கையைப் பார்த்தார். அப்புறம் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அண்ணா, எனக்குத் தாங்கவில்லை. உன் குரல் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஊரே அடங்கிக் கிடந்தோம். நாங்கள் அடங்கிக் கிடந்ததால்தான் நீ கத்திக்கொண்டே இருந்தாய். அந்தப் பெரியவர் கையை இறக்கி எஞ்சினைப் போடச் சொல்லியிருந்தால் நீ கொஞ்சம் ஓய்ந்திருப்பாயா? அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்திருக்குமா? வழக்கம் என்னவென்று தெரியாத ஆளாக நீ இருந்திருந்தால் கத்தாமல் பிழைத்திருப்பாயோ? யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்றைக்கே பேட்டரியைக் கழற்றினேன். உன் புல் வெட்டுகிற எஞ்சின் துருப்பிடித்துப் போயிருந்தது. பிரித்துச் சுத்தம் செய்து, அலை தெறித்தாலும் தண்ணீர் போகாதபடி மேலே மூடி போட்டேன். முதல் நாள் இருமிவிட்டு நின்றுபோனது. உன்னைத் திட்டினேன். அடுத்த நாள் ஓடியது. ஏரி முழுக்க இரைச்சல், கொக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டது.

ஊர்க்கூட்டத்தில் எடுத்தவுடனே கேட்டார்கள். "நாம காது குடுக்குற நேரத்துல இது கத்திக்கினு கெடந்தா எப்படிம்மா?" நியாயமான கேள்விதான். தேவன் எழுந்து, என்னிடம் சொன்னதை அங்கேயும் சொன்னான். எதுக்கும் பார்க்கலாம் என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முன்படகில் கையைத் தூக்கி நின்ற பெரியவர் மட்டும் எழவில்லை. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அந்தப் படகு யாரையாவது காப்பாற்றுமா? தெரியாது. பெரிய அலையில் அதுவும் கவிழலாம், நடுவில் அணையலாம். நான் சொன்ன குறையெல்லாம் அதில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அண்ணா. இனி முகத்துவாரத்தில் யார் கவிழ்ந்தாலும் ரிமோட்டோடு நான் கரையில் நிற்பேன். மற்ற படகெல்லாம் நிறுத்திக் காது கொடுக்கட்டும். நம் படகை நிறுத்த மாட்டேன், ஊரே ஏசினாலும் சரி. தண்ணீரில் கிடக்கிறவன் காதில் அந்தச் சத்தம் விழுந்துகொண்டே இருக்கும்.

உனக்கும் கேட்கும். கேட்டால் கத்தாதே, அண்ணா. பேசாமல் கேனைப் பிடித்துக்கொண்டிரு. வந்துகொண்டிருக்கிறோம்.

எதற்கெடுத்தாலும் உன்னை எதிர்த்தே பேசிய
உன் ஒரே தங்கச்சி,
பாப்பா