மணல் ஒட்டிய கடல்

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஹம்னாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே கால்கரியின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜுனைதும் குட்டி ஜன்னாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் உன் அம்மாவின் கையைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "அத வுடுங்க, புள்ளைக்கு ஆயிரம் வேல கீது" என்று போனை வாங்கிக்கொள்கிறாள். இப்போது அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி உனக்கு அனுப்பும் ஊறுகாய்ப் பார்சலுக்குள் வைத்துவிடப் போகிறேன். இந்த மழைக்குக் கொளவாய் ஏரி தளும்பி நிற்கிறது, கடை வியாபாரம் பரவாயில்லை, தம்பி அப்பாஸ் வழக்கம்போல சிறுசேரி ஆபீஸ் வண்டியில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வருகிறான்.

போன வருடம் மழையில் உன் அம்மா துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பது முழுதாகத் தெரியாது, ஜன்னா பிறந்திருந்த நேரம், உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் தடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் நழுவி விழுந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட்டும் புர்காவும் தைத்துக் கொடுத்தவள், மிஷின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டாள். யாராவது துணியோடு வந்தால் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிரபா என்ற பெண், மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள், ரப்பர் பந்தைக் கொடுத்து வீட்டில் அமுக்கச் சொன்னால் இவள் அதைப் பையை விட்டு எடுக்காமலே திருப்பிக் கொண்டுபோவாள். ஒருநாள் "கையி போச்சுன்னா போச்சு, இத்தோட வுட்டுடலாம்மா" என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டாள். பிரபா கோபித்துக்கொள்ளவில்லை, "பந்து பேஜாரா இருந்தா வாணாம், பெயின்ட் பிரஷ் புடிங்க, அதுவும் கைக்கு வேலதான்" என்றாள். அவளே ஓய்வு நேரத்தில் படம் வரைகிறவளாம். அக்ரிலிக் பெயின்ட் என்று ஒன்று இருக்கிறது, தண்ணீரிலேயே கலக்கலாம், வாடை வராது, சீக்கிரம் காய்ந்துவிடும், தப்பாகப் போனால் காய்ந்ததும் அதன் மேலேயே வேறு வண்ணம் அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். அந்தக் கடைசி விஷயம்தான் உன் அம்மாவுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். துணியைத் தப்பாக வெட்டினால் வெட்டினதுதானே.

பிளாஸ்டிக் வாளி விற்கிற எனக்குத் தெரிந்த கலர் எல்லாம் வாளிக் கலர்தான். பிரபா சொன்னதைக் கேட்டு ஒரு சின்ன டியூப் செட்டும், பட்டையாக ஒன்றும் கூராக ஒன்றுமாகப் பிரஷ்களும், துணி ஒட்டிய அட்டைகளும் வாங்கி வந்தேன். "இன்னாங்க இது, ஸ்கூல் புள்ள மாதிரி" என்று தள்ளி வைத்தவள் மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு தானாகவே எடுத்தாள். எல்லா டியூபையும் ஒரு பீங்கான் தட்டில் தாராளமாகப் பிதுக்கிவிட்டு டீ போடப் போனாள், வந்து பார்த்தால் வண்ணமெல்லாம் பாலாடை மாதிரி தோல் கட்டிவிட்டது, பிரஷ் விறகாகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன் ஹம்னா. அப்புறம் தட்டில் ஈரத்துணியை விரித்து அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொள்ளவும், பிரஷை உடனே தண்ணீரில் போடவும் பிரபா பழக்கினாள். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு அதன் மேல் அடுத்தது என்றதும், "லைனிங் குடுத்துத் தைக்கற மாதிரி" என்று இவளே புரிந்துகொண்டாள். ஒன்றில் மட்டும் தடுமாறினாள். துணி காய்ந்தால் வெளுக்கும், இந்தப் பெயின்ட் காய்ந்தால் கொஞ்சம் கருக்கிறது, அதனால் ஒவ்வொரு வண்ணத்தையும் முதலில் ஒரு துண்டு அட்டையில் தீற்றி, ஃபேனுக்குக் கீழே காட்டி, காய்ந்த பிறகுதான் படத்தில் வைப்பாள். ஏரி, பனைமரம், திருக்கழுக்குன்றத்து மலை என்று அட்டை அட்டையாக வரைந்தாள். ஆரம்பத்தில் பிரஷை நான் அவள் விரலுக்குள் சொருகிவிட வேண்டியிருந்தது. பிறகு அதற்கு என்னைக் கூப்பிடவில்லை.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். போன மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் புதிதாக வரையத் தொடங்கியவர்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து வரைவதற்கு ஏற்பாடு செய்தார்கள், பிரபா உன் அம்மாவைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். நாலு பேர் பார்க்க உட்கார்ந்து வரைய மாட்டேன் என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். அப்பாஸ் கெஞ்சினான், கேட்கவில்லை. நான், சும்மா கடலைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன், பெயின்ட் பையை நானே தூக்கிக்கொண்டேன். அங்கே எல்லாம் அப்பாஸ் வயசுப் பிள்ளைகள். எல்லோரும் டியூபிலிருந்து நேரே நீலத்தை எடுத்துக் கடல் அடித்தார்கள், இவள் கடலையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பச்சையும் கொஞ்சம் பிரவுனும் கலந்தாள், பார்த்தால் அன்றைக்குக் கடல் அந்த நிறத்தில்தான் இருந்தது. வெயிலில் வண்ணம் இழுப்பதற்குள் காய்கிறது என்று பதறிப் பதறித் தண்ணீர் தெளித்து வேலை செய்து, முக்கால்வாசி வந்த நேரத்தில் ஒரு காற்று அடித்தது பார், அட்டை அப்படியே எகிறி மணலில் குப்புற விழுந்தது. எடுத்துத் திருப்பினால் கீழ்ப்பாதி முழுக்க மணல். சுற்றி இருந்தவர்கள் த்சோ த்சோ என்றார்கள். ஊருக்குப் போகலாம் என்று அவள் சொல்லப்போகிறாள், இதோடு பிரஷையும் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். துடைக்கலாம் என்று கைக்குட்டையோடு குனிந்தேன். "தொடாதீங்க, காயட்டும்" என்றாள். காய்ந்த பிறகு அந்த வலது கையாலேயே உதிர்கிற மணலைத் தட்டிவிட்டாள், ஒட்டியதை ஒட்டினபடி விட்டு, அதன் ஓரத்தில் வெள்ளையும் சாம்பலும் கலந்து அலையின் நுரையை இழுத்தாள். கடற்கரை தானாகவே வந்து படத்தில் உட்கார்ந்துவிட்டது. ஏற்பாடு செய்திருந்த ஏசுதாஸ் என்ற ஓவிய ஆசிரியர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார், மணலை வேண்டுமென்றே ஒட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றால் பெருமையாகத்தான் இருந்திருக்கும். இவள், "காத்து போட்டுச்சு சார், நான் எடுக்கல" என்றாள். பிறகு அங்கேயே ஒரு ஹாலில் மாட்டிய படங்களில் அதுவும் இருந்தது, கீழே ஷரீபுன்னிசா, செங்கல்பட்டு என்று அவள் பெயர். நான் வேறு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, அதன் பக்கத்திலேயே நின்று, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரி வரைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

இப்போது விரல்கள் நன்றாக மடங்குகின்றன, மிஷினும் ஓடுகிறது. ஆனால் நேற்று ஒரு அம்மா அவசரமாக ஜாக்கெட் துணியோடு வந்தபோது, "சாய்ங்காலமா வாம்மா, இப்ப நான் வரைஞ்சுகினு கீறேன்" என்று உன் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அந்த ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு நான் கடைக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

நீ வெறும் காலோடு வீட்டில் நடக்காதே, ஜன்னாவிடம் தமிழிலேயே பேசு, மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. உன் அம்மா இப்போது உன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தெருவை வரைய ஆரம்பித்திருக்கிறாள், வீடும் மரமும் ஆகிவிட்டன, பனியில் வந்து நிற்கிறது. பனி என்ன நிறம் என்று கேட்டதற்கு நீ வெள்ளை என்று சொன்னாயாம். வெறும் வெள்ளையாக உலகத்தில் எதுவும் இருக்காது, நீ சரியாகப் பார்க்கவில்லை என்கிறாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று போட்டோ எடுத்து அனுப்பு. எடுப்பதற்கு முன்னால் நீயும் ஜன்னலில் நின்று ஒரு தடவை நன்றாகப் பார்.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் கையூம்