தோமஸ் விட்டுவிட்டுப் போகவில்லை

இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாததால் கடிதத்தையும் இப்படித்தான் தொடங்க வருகிறது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. போன செவ்வாய்க்கிழமை அவுஸ்திரேலியாவில் ஏதோ ஆவணக் காப்பகத்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. வாசலில் நின்றபடியே உடைத்தேன். உங்கள் தபாலை நான் உடைத்தது அதுதான் முதல் தடவை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் தாய்வழியில் பல தலைமுறைக்கு முந்தியவன் தோமஸ். திருகோணமலைக் கோட்டையில் இருந்த பிரித்தானியச் சிப்பாய். ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டி, ஒரு மகனும் பிறந்த பிறகு காணாமல் போனவன். ‘வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன குடும்பம்’ என்று பள்ளிக்கூடத்தில் உங்களைப் பகிடி பண்ணுவார்களாம். அறுபது வயதிலும் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறிவிடும்.

இந்தக் குளிர் நாட்டில் உங்களுக்குக் கிழமை நாட்களில் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. சனியும் ஞாயிறும் கொம்பியூட்டருக்கு முன்னால், பழைய பதிவுகளில், தோமஸோடு. ரூஜில் இந்த வீட்டை வாங்கும்போது பக்கத்தில் காடு இருக்கிறது, இரண்டு பேரும் நடக்கலாம் என்றீர்கள். எத்தனை தரம் நடந்தோம்?

கடைசி மாரியில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“செத்துப்போன வெள்ளைக்காரனோட இருக்கிறியள். உயிரோட இருக்கிற என்னோட கொஞ்ச நேரம் கதைக்க மாட்டியளோ?”

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. “அவன் ஏன் போனவன் எண்டு அறிஞ்சாக் காணும். பிறகு விட்டிடுவன்.”

இரண்டு கிழமையில் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். பிறகு எழும்பவேயில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதோ?

பழைய கையெழுத்து எனக்கு விளங்கவில்லை. ஒஷாவாவிலிருந்து எங்கள் மகள் ஜெனி வந்து வாசித்தாள். தோமஸ் விட்டுவிட்டுப் போகவில்லையாம். படையைக் கண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அனுமதியில்லாமல் காட்டு வழியே திருகோணமலைக்கு நடந்திருக்கிறான். வழியில் பிடிக்க வந்த சார்ஜன்ரை அடித்துவிட்டான். இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்து, கப்பலில் ஏற்றி, அவுஸ்திரேலியாவில் இப்போது தஸ்மேனியா என்கிற தீவுக்கு அனுப்பியது. அங்கே கைதிகளோடு றோட்டுக்குக் கல்லுடைத்திருக்கிறான். வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்தானா என்று எந்தத் தாளிலும் இல்லை.

அடியில் ஒரு மனு இருந்தது. மனைவியையும் மகனையும் தன்னிடம் அனுப்பிவைக்கும்படி ஆளுநரைக் கேட்டிருக்கிறான். எழுத்துத் தெரியாதவன், யாரையோ கொண்டு எழுதுவித்து, கீழே ஒரு சிலுவைக் குறி. ஓரத்தில் வேறொரு கை ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மனு. அடுத்த வருடமும் கேட்டிருக்கிறான். அதற்கடுத்த வருடமும்.

ஜெனி தாள்களை அடுக்கினாள். பிறகு, “அம்மா, ஷி நெவர் நியூ, என்ன? அவர் கேட்டது அவவுக்குத் தெரியாது” என்றாள்.

“தெரியாது பிள்ளை.”

“அப்பாவுக்கும் தெரியாது.”

அவளுடைய கார் திரும்பிய பிறகு வீடு பழையபடி ஆனது. இங்கே நான் வாய் திறந்து கதைக்கிற நாட்கள் குறைவு. அன்றைக்கு மட்டும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் இருந்த கதிரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: “அவன் கேட்டவனாம், அப்பா. மூண்டு தரம் கேட்டவனாம்.”

இன்னொன்றும் கண்டேன். தோமஸின் பெயர் உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் மனைவியின் பெயரை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நீங்கள் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. மனுவில் இருக்கிறது. எழுதியவன் பிழையாக எழுதியிருந்தாலும் வாசிக்க முடிகிறது. அன்னமுத்து.

தை மாதம் திருகோணமலைக்குப் போகிறேன். தனியாகத்தான். கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளில் அன்னமுத்துவைத் தேடுவேன். கல்லறை கிடைத்தால் பக்கத்தில் இருந்து மூன்று மனுவையும் தமிழில் அவளுக்கு வாசிப்பேன். கிடைக்காவிட்டால் கப்பல் போன கடலைப் பார்த்து நின்று வாசிப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா