தொட்டில் தகட்டில் சிவப்புக் கோடு

ஜித்ரா. ஆயுத பூசை, இரவு.

காலையில் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கத்தி, அடுப்பு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். உத்தரத்தில் மாட்டி, பேத்தியின் ஸ்பிரிங் தொட்டிலைத் தொங்கவிட்டிருக்கும் தகட்டுக்கும் வைத்தேன். விமானப் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் குமரன், அங்கே கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து மாட்டியது. மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி நார் வைத்து ஒட்டியதாம், உடையவே உடையாதாம்.

சாயங்காலம், பிள்ளை முகத்தில் எண்ணெய் சொட்டுமே என்று தகட்டைத் துடைத்தேன். பொட்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் முடி போலச் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. துடைத்தேன். மறுபடியும் உள்ளிருந்து கசிந்து வந்தது. அம்மன் ஏதோ சொல்கிறாள் என்று உடம்பு சிலிர்த்தது. கீழே தொட்டில் குதித்துக் குதித்து ஆட, பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குமரனைக் கூப்பிட்டேன். "என்னமா, தகட்டுக்கும் மேக்கப்பா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், கோட்டைப் பார்த்ததும், "பிள்ளையத் தூக்குங்க மா, சீக்கிரம்லா!" என்றான்.

தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆடி ஆடி அலுமினியம் அசந்துபோயி விரிசல் விட்டுருச்சு. உள்ள இருக்கிற நாருதான் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. உங்க குங்கும எண்ணெய் அந்த விரிசலுக்குள்ள இறங்கி, துடைக்கத் துடைக்க வெளிய கசியுது. நாங்களும் இப்படித்தான் சாயம் பூசி விரிசல் பார்ப்போம்."

"எத்தனை நாளாடா இப்படி?"

"தெரியாது மா."

சாமி படத்தின் முன் நின்றேன். திருநீறு எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் பூசினேன். இப்போது பிள்ளை என் பக்கத்தில் பாயில் படுத்திருக்கிறாள். தரையில் கிடந்தும் அந்தச் சின்ன உடம்பு மேலும் கீழும் ஆடுவது போலவே எனக்குப் படுகிறது. இதை எழுதும்போதும் அவள் மேல் வைத்த இடது கையை எடுக்கப் பயமாக இருக்கிறது.