சஹனில் வைத்த கை

வெள்ளி இரவு.

தம்பியின் வலீமா கலியாண விருந்துக்கு மாமி மகள் றிஸானா வந்தாள். கொழும்பு விருந்துகளில் ஃபோட்டோவுக்கு நின்று நின்றே நடிகையானவள். ஒரு படத்தில் மீனவன் மனைவியாக அழுதழுது சோறு தின்றாளாம், எங்கள் கல்முனையே மெச்சியது.

இன்று எங்களோடு சஹனைச் சுற்றி உட்கார்ந்தாள். ஒரே தட்டு, ஐந்து பேரின் கை. சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோனாள். கூட வந்த பெண் வீடியோ எடுத்து முடித்ததும் கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள்.

"தின்னல்லியா புள்ள?" என்றேன்.

"ஏலா மச்சி, டயட்."

தூ! பசியைக்கூட நடிக்கிறாள். அவள் போட்ட கவளத்தையும் நாங்கள்தான் தின்று தீர்த்தோம். சஹனில் சோறு மிஞ்சக்கூடாதே.

அந்த வீடியோவை இப்போது ஊரே பார்க்கிறது. அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பவள் நான்.